முப்பத்தேழின் குணம்

பாளையங்கோட்டை மைதானத்தில் வெயில் ஏறுகிறது. இங்கிலாந்துச் சீமையில் நாளை ராஜாவுக்கு முடிசூட்டு விழா. இங்கே பள்ளிப் பெண்கள் முப்பத்தேழு பேரும் சம வரிசைகளில் அணிவகுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. டிரில் வாத்தியார் சிவசைலம் பிள்ளை விசில் ஊதி மும்மூன்று பேராக நிறுத்துகிறார்; கடைசியில் பிரம்மநாயகி தனியே நிற்கிறாள். நான்கு நான்காக, ஆறு ஆறாக, ஒன்பது ஒன்பதாக மாற்றிப் பார்க்கிறார். புழுதி அடங்கும்போதெல்லாம் அவள்தான் மிச்சம். "ஏட்டி, ஒன்னாலதான் எல்லாம் கெடுது. நாளைக்கு நீ வர வேண்டாம்." கஞ்சி போட்ட பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் நகராமல் நிற்கிறாள். "என் இடத்துல ஜெபமணிய நிறுத்திப் பாருங்க, சார்." நிறுத்துகிறார், ஜெபமணி மிஞ்சுகிறாள். சொர்ணத்தை நிறுத்துகிறார், சொர்ணம் மிஞ்சுகிறாள். "மிஞ்சுதது நான் இல்ல, சார்." பிரம்மநாயகியின் குரல் கடைசி வேப்பமரம் வரை கேட்கிறது. "அது முப்பத்தேழோட குணம். ராஜாவே வந்து நிறுத்துனாலும் ஒருத்தியாவது மிஞ்சத்தான் செய்வா." வாத்தியாரின் உதட்டில் விசில் சும்மா தொங்குகிறது. சுவரில் சாய்த்திருந்த கொடிக்கம்பை எடுத்துக்கொண்டு அவள் எல்லாருக்கும் முன்னால் போய் நிற்கிறாள். யாரும் சொல்லாமலே, முப்பத்தாறு பேரும் அவளுக்குப் பின்னால் ஆறு ஆறாகச் சேருகிறார்கள்.