ரேடியோ சொன்ன பாலம்

"முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, கொளஞ்சி. ரேடியோவ சீக்கிரம் திருப்பு. கேட்டுட்டுப் போயி முடங்கணும்" என்று பஞ்சாயத்துக் கட்டடத்து வாசலில் காலை நீட்டினாள் செல்லாயி.

விடிந்ததிலிருந்து களை எடுத்த உடம்பு. போகும்போதும் வரும்போதும் நெஞ்சளவுத் தண்ணீரில் வாய்க்காலைத் தாண்டியிருந்தாள். கார்த்திகை மாதம். குமராட்சிப் பக்கத்து வாய்க்கால்கள் எல்லாம் கரை தட்டி ஓடின. ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவே அந்த வாய்க்கால்தான். பாலம் கிடையாது.

"வந்ததும் வராததுமா அதிகாரத்தப் பாரு" என்றான் கொளஞ்சியப்பன். பஞ்சாயத்து ரேடியோ அவன் பொறுப்பில் இருந்தது. கோடையில் கூத்தில் பெண் வேஷம் கட்டுவான். மற்ற மாதங்களில் அவனுக்கும் கூலி வேலைதான்.

"ஏண்டா, உன் தொண்ட இப்புடிக் கட்டிக் கெடக்கு? கூத்துக் காலங்கூட இல்லியே."

"பனி எக்கா."

"சுக்குத் தண்ணி வச்சித் தரேன், குடி. ஆமா, முன்னல்லாம் ரேடியோவுல பாட்டுப் போடுவாங்க. ஐப்பசி மழைக்கு அப்புறம் வெறும் பேச்சாவே இருக்கே?"

"பாட்டு சோறு போடுமா? திருச்சி ரேடியோக்காரங்க இப்ப சனங்களோட கொறைகளத்தான் பேசறாங்க."

"அதுவும் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொன்னம்மா பேசுனா எங்கூடப் பொறந்தவ பேசறாப்புல இருக்குது."

கொளஞ்சி சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டான். கதவைத் திறந்து வைத்தால் பிள்ளைகள் ரேடியோ முள்ளைத் திருகிவிடுகிறார்களாம். ஜன்னலை மட்டும் ஒரு சாண் திறந்து வைப்பான்.

பஞ்சாயத்துத் தலைவர் நடனசபாபதி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். செல்லாயி பிடித்துக்கொண்டாள்.

"தலைவரே, எம் பொண்ணு குப்புவுக்குத் தையில பேறுகாலம். மொதப் புள்ள வயித்துலயே போயிடுச்சி. இந்தத் தடவ ஆசுபத்திரிக்குத்தான் கொண்டாரணும்னு நர்சம்மா சொல்லுது. புள்ளத்தாச்சிய வாய்க்கால்ல எப்புடித் தூக்கிட்டுப் போறது?"

"கடலூருக்கு எழுதிப் போட்டிருக்கேன். கலெக்டர் ஆபீசுல பாக்கணும்ல?"

"போன வருசமும் எழுதித்தான் போட்டீங்க."

"பதிலு வரலன்னா நான் என்ன நீந்திப் போயா கேக்கறது?"

"நாங்க தெனம் நீந்தித்தான் போறோம்."

யாரோ சிரித்தார்கள். அதற்குள் ரேடியோ பேசத் தொடங்கியது. எப்போதும்போல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்.

"வணக்கம். பொன்னம்மா, இன்னிக்கி என்ன சேதி?"

"சிதம்பரத்துல சீமெண்ணைக்கு வரிச நிக்கிதாம், முத்தண்ணே. கடலூர்ல மீனு மலிஞ்சி கெடக்குதாம். அத உடுங்க. குமராட்சிப் பக்கம் ஒரு ஊருல வாய்க்காலுக்குப் பாலமே இல்லியாமே?"

செல்லாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முட்டி வலி போன இடம் தெரியவில்லை.

"ஆமாம்மா. புள்ளத்தாச்சிங்க பாடு பெரும்பாடு."

"அந்த ஊருத் தலைவரு என்னதான் பண்றாராம்?"

தலைவரின் நாற்காலி கிறீச்சிட்டது.

"அவரக் கொற சொல்லாத. தங்கமான மனுசன். தன் கொல்லையில நிக்கிற பனைய வெட்டி, தை பொறக்கறதுக்கு முந்தி வாய்க்கால் மேல போட்டுடப் போறாராம்."

"அப்ப எலெக்சன்ல அவர எதுத்து நிக்க ஆளே கெடைக்காதுன்னு சொல்லுங்க."

கூட்டம் முழுக்கத் தலைவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் மனசுலதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். அது எப்புடித்தான் திருச்சிக்கு எட்டுச்சோ" என்றார். "ரெண்டு மரம் போதுமா செல்லாயி?"

"மூணாப் போடுங்க தலைவரே. ரேடியோவே சொல்லிடுச்சி."

மார்கழி முடிவதற்குள் மூன்று பனைகள் வாய்க்காலின் குறுக்கே விழுந்தன. தையில், வலி கண்ட குப்புவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆட்கள் கால் நனையாமல் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

பேத்தியைப் பார்த்துவிட்டு வந்த செல்லாயி, முந்தானையில் முடிந்த பூவோடும் சூடத்தோடும் நேராகப் பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு வந்தாள்.

"கதவத் தொற கொளஞ்சி. ரேடியோவுக்குப் பூ வச்சி சூடம் கொளுத்தணும்."

"ரேடியோவுக்கா? உனக்கென்ன கிறுக்கா எக்கா? மரப்பொட்டி, பத்திக்கும்."

"அப்ப பூவ மட்டுமாச்சும் வைக்கறேன். பேத்திக்குப் பொன்னம்மான்னு பேரு வச்சாச்சி. அந்தப் பொம்பளைக்கி நான் வேற என்னத்தச் செய்யப் போறேன்? திருச்சிக்கா போவ முடியும்?"

கொளஞ்சி தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான்.

ரேடியோப் பெட்டியில் பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கொளஞ்சி பக்கத்தில் கிடந்த காலிக் குடத்தை எடுத்து வாயருகே வைத்து, "பூவ எந்தலையிலயே வச்சி உடு எக்கா" என்று பொன்னம்மாவின் குரலில் சொன்னான். பிறகு குடத்தை இறக்கிவிட்டுக் கட்டிப்போன தன் சொந்தக் குரலில், "பேட்டரி தீரப்போவுதுன்னு பொரட்டாசியிலயே தலைவருகிட்ட சொன்னேன், வாங்கித் தரேன்னாரு, பாலம் வந்துடுச்சி, அந்தப் பேட்டரிதான் இன்னும் பாக்கி" என்றான்.