ஞாயிற்றுக்கிழமை இஞ்சின்

பூசை முடிந்ததும் முடியாததுமாக, தொம்மை அண்ணாச்சி மாதா கோயில் வாசலிலேயே சாமியாரை மறித்துவிட்டார்.

"சாமி, இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும். அந்தப் பெனிட்டோ பயலை நீங்க கேக்குதியளா, நான் கேக்கட்டா?"

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ஒரு போட்டும் கடலுக்குப் போகாது. பாட்டன் காலத்துக் கட்டுப்பாடு. ஆனால் மூன்று வாரமாகப் பூசை நேரம் பார்த்து, கோயிலை ஒட்டி இருக்கும் பெனிட்டோவின் போட்டு ரிப்பேர் கடையில் இஞ்சின் அலறுகிறது.

அதுவும் இன்றைக்கு அண்ணாச்சியின் ஒரே மகன் ஜோன்ஸ் முதன்முதலாகப் பீடத்தில் நின்று பைபிள் வாசகம் வாசித்தான். வாரம் பூராவும் கடலில் கிடக்கிற பையன், குளித்து, முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான். வாய் அசைந்தது. ஒரு வார்த்தை காதில் விழவில்லை. புது வேட்டி கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்கு வயிறு எரியாதா?

"அடுத்த ஞாயிறு அவன் மக ஜாய்சிக்குப் புதுநன்மை, முதன்முதலா நற்கருணை வாங்கப் போறா. அப்பன் கோயில் வாசலை மிதிக்க மாட்டான், மகளுக்கு மட்டும் புதுநன்மை கேக்குதோ? கமிட்டியில பேசியாச்சு சாமி. எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுட்டு, இனிமே ஞாயித்துக்கிழமை கடையை அடைக்கட்டும். இல்லேன்னா அந்தப் பிள்ளை பேரை எடுத்துருங்க."

சாமியார் ஊருக்குப் புதுசு. அண்ணாச்சியோ கோயில் கமிட்டித் தலைவர். "வாங்க, கேட்டுருவோம்" என்று நடந்தார்.

கடையில் பெனிட்டோ எண்ணெய்ப் பனியனோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் சாக்கு விரித்து, ஒரு இஞ்சின் அக்கு அக்காகக் கழன்று கிடந்தது. பக்கத்தில் தண்ணீர் டிரம். பூசை முடிந்து வந்த அவன் மனைவி ஃபெமினா ஓரமாக நின்றாள். அவள் பையில் ஜாய்சியின் கவுனுக்கு வாங்கிய வெள்ளைத் துணி.

"ஏலே, இன்னைக்கு என்ன கிழமைலே?"

"ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி."

"தெரிஞ்சேதான் செய்யுதியா!"

சாமியார் குறுக்கிட்டார். "ஏன் தம்பி, நேத்தே முடிச்சிருக்கலாமே?"

"நேத்து சாயங்காலந்தான் கொண்டுவந்து போட்டாவ சாமி."

"நாளைக்குப் பார்க்கிறது?"

"நாளைக்கு விடியுமுன்ன போட்டுல இருக்கணுமாம். நடுவுல இன்னைக்கு ஒரு நாளுதானே கிடக்கு."

"முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ல வேண்டியதுதானலே?" அண்ணாச்சி பாய்ந்தார். "எவன் அவன்? ஞாயித்துக்கிழமை வேலை வாங்குத அந்தப் புண்ணியவான் பேரைச் சொல்லு, கமிட்டியில நிறுத்துதேன்."

பெனிட்டோ தலையைச் சொறிந்தான். "அதை விடுங்க அண்ணாச்சி. அவியளுக்கு வீட்டுல என்ன நெருக்கடியோ."

சாமியாரின் கண் இஞ்சின் மூடியில் நின்றது. அதில் கிரீஸ் விரலால் ஒரு சிலுவை போட்டிருந்தது.

"இது என்ன?"

பெனிட்டோவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வேலையைத் தொடங்குமுன்ன போடுதது சாமி. இது தண்ணி இழுக்காம சூடாகி நின்னுருது. நடுக்கடல்ல நின்னா இறங்கித் தள்ளவா முடியும்? இதுல போறவன் கரைக்குத் திரும்பணும்னு நெனச்சுக்கிட்டே ஒவ்வொரு நட்டா முடுக்குவேன். எனக்குத் தெரிஞ்ச செபம் அவ்வளவுதான். பூசை நேரத்துல சத்தம் போட்டது தப்புதான். ஓட விட்டுப் பார்த்தேன், சரியா வரல. திரும்பக் கழட்டிட்டேன்."

"நல்லாருக்கே கதை!" என்றார் அண்ணாச்சி. "அப்ப ஆளாளுக்கு வீட்டுல இருந்துக்கிட்டே செபம் சொல்லலாம்லா? கோயில் எதுக்கு?"

சாமியார் அந்தச் சிலுவையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "தம்பி, நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா ஊர்க்கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கே. இன்னைக்குக் கடையை அடைச்சிரு. பிள்ளைக்காகச் செய்" என்றார்.

ஃபெமினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி சொல்லுதாங்கள்லா, அடைங்களேன். ஒரு வருசமா அந்தப் பிள்ளை செபம் படிச்சிருக்கு."

பெனிட்டோ மனைவியைப் பார்த்தான். சாக்கைப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கழற்றிய சாமான்களைச் சாக்கோடு அள்ளி மூலையில் வைத்து, கதவைச் சாத்திப் பூட்டினான்.

"அப்படி வா வழிக்கு" என்று அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு விசயம்."

"இன்னும் என்னலே?"

"நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம்னு ஜோன்ஸ்கிட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

அண்ணாச்சி மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார். இஞ்சின் மக்கர் பண்ணுது என்று நேற்று ஜோன்ஸ் வந்து நின்றபோது, "எவன்கிட்டயாவது குடுத்துச் சரி பண்ணு. திங்கக்கிழமை நீ கடலுக்குப் போயாகணும்" என்று விரட்டியது இவர்தான்.

சாமியார் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அண்ணாச்சி பெனிட்டோ கையிலிருந்த சாவியை வாங்கினார். அவரே பூட்டைத் திறந்தார்.

"பைய, நிதானமாப் பாருலே. அவசரப்படாதே" என்றார்.

பிறகு ஃபெமினா பக்கம் திரும்பி ஒரு அதட்டு அதட்டினார்.

"நீ என்னம்மா துணியைக் கையிலயே வச்சுக்கிட்டு நிக்க? தையக்காரி வீட்டுலதான் இருப்பா. ஞாயித்துக்கிழமை அது இதும்பா, கேக்காதே. இப்பவே உக்காந்து தைக்கச் சொல்லு!"