புல்லட் வரும் நேரம்

“ஏ மாடத்தி, இங்கன வா!”

போர்மேன் உக்கிரபாண்டி போட்ட சத்தத்தில் நாரணாபுரம் பட்டாசு கம்பெனியே ஒரு நிமிஷம் கை ஓய்ந்து நின்றது.

வெடிமருந்து ரூம் வாசலில் விளக்குமாறோடு நின்றாள் மாடத்தி. ரெண்டு மாசமாக இதே கூத்துதான். அவருடைய பழைய புல்லட் சத்தம் தூரத்தில் கேட்டால் போதும், கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பரபரவென்று வாசலைக் கூட்டுவாள். அவர் இறங்கி உள்ளே போனதும் விளக்குமாற்றைச் சாத்திவிடுவாள்.

“நான் வர்றப்ப மட்டும் வேலை பார்க்கிற மாதிரி நடிக்கிறியோ? என்னைய என்ன கேணப்பயன்னு நெனச்சியா?”

“அது வந்து அண்ணாச்சி... உங்க வண்டி...”

“என் வண்டிக்கு என்ன? கேட்டுலயே நிப்பாட்டணும்னு எனக்கே சட்டம் படிக்கிறியா? கெளம்பு. நாளையிலேர்ந்து வர வேணாம்.”

தீபாவளி சீசன் நேரம். இப்போது வேலை போனால் அந்த வருஷமே போனது மாதிரி. மாடத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். ஏன் என்று கேட்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

உக்கிரபாண்டி அம்புட்டுக் கறார். கேட்டில் நின்று பொம்பளைகளின் ஹேர்பின்னைக்கூட வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். இரும்பு உரசினால் பொறி, பொறி விழுந்தால் ஆள் மிஞ்சாது. எல்லார் வண்டியும் கேட்டோடு சரி. அவர் புல்லட் மட்டும் மருந்து ரூம் வாசல் வரைக்கும் வரும். போர்மேன் என்றால் சும்மாவா!

அன்று சாயங்காலம் பிரேக் பிடிக்காமல் டீக்கடை பெஞ்சில் போய் முட்டினார். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. வண்டியை உருட்டிக்கொண்டே மெக்கானிக் பலவேசம் கடைக்குப் போனார்.

பலவேசம் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, வெளிச்சம் குறைய ஷட்டரைப் பாதி இறக்கி, பின் சக்கரத்தைச் சுற்றவிட்டார்.

“பாத்துக்கிட்டே இருங்க அண்ணாச்சி.”

பிரேக்கை மிதித்தார். கிரீச்! பிரேக் டிரம் சந்திலிருந்து கம்பி மத்தாப்பு கணக்காகப் பொறி பறந்தது.

உக்கிரபாண்டி சட்டென்று ரெண்டடி பின்னால் நகர்ந்தார்.

பலவேசம் சக்கரத்தைக் கழற்றி பிரேக் ஷூவைக் காட்டினார். “லைனிங் சுத்தமாத் தேஞ்சு, அதைப் பிடிச்சிருக்கிற ரிவிட்டு ஆணி டிரம்மைப் பொறாண்டுது. பித்தளை ரிவிட்டு அடிக்கேன்னேன். அது சீக்கிரம் தேஞ்சிரும், இரும்பே அடின்னு ஒத்தக்கால்ல நின்னீக. எம்புட்டு நாளாக் கத்துது?”

“ரெண்டு மாசமா...”

“கேட்டுலதானே நிப்பாட்டுவீக?”

“இல்ல... மருந்து ரூம் வாசல்ல.”

பலவேசம் பதறிப்போனார். “அங்கன மருந்து சிந்தாதா?”

“தூக்கிட்டுப் போறப்ப சிந்தும்.”

“பின்ன எப்பிடி அண்ணாச்சி இன்னும் உயிரோட இருக்கீக?”

அதுதான் அவருக்கும் விளங்கவில்லை. தினம் ரெண்டு தடவை, கம்பெனியில் வேலை பார்க்கிற நாற்பது பேர் உசுரு. காலையில் மாடத்தி ‘உங்க வண்டி’ என்று இழுத்தது ஞாபகம் வந்தது. நடந்தே அவள் வீட்டுக்குப் போனார்.

அவரைக் கண்டதும் மாடத்தி பதறி எழுந்தாள். “வண்டி எங்க அண்ணாச்சி?”

“லைனிங் மாத்தக் குடுத்திருக்கேன். பித்தளை ரிவிட்டு. இனி அது கேட்டைத் தாண்டாது. நீ நாளைக்கே வேலைக்கு வந்துரு தாயி.” அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். “பொறி பறந்ததை நீ பார்த்தியா?”

“ரெண்டு மாசமாப் பார்க்கேன். சொல்ல வாயெடுத்தாலே நீங்க ஏசுவீக.”

“இம்புட்டு நாள் எப்பிடித் தீப்பத்தாம இருந்துச்சுன்னுதான் தெரியலை.”

“அதெப்பிடிப் பத்தும் அண்ணாச்சி? உங்க புல்லட் சத்தம் கேட்டதுமே, நீங்க வந்து நிப்பாட்டுற எடத்துல ஒரு பொட்டு மருந்து இல்லாம கூட்டிருவேன்ல!”