மிச்சம் பிடித்த நான்கு நாட்கள்

“உள்ள வா சோல்வெய்க். மறுபடியும் மனுவா? நேத்து ராத்திரிதான் தலைநகர்லேர்ந்து வந்து இறங்கினேன். இன்னும் பையைக்கூடப் பிரிக்கல.”

கருவாலி மரப் பலகையில் பித்தளைப் பிடியைத் திருகிக்கொண்டே சிரித்தார் ஆர்வித். வடக்கு டகோட்டா சட்டசபை உறுப்பினர். சபை கூடும் நாட்களில்தான் அந்தக் கௌரவமெல்லாம். மற்ற நாட்களில் அவருக்குச் சோறு போடுவது இந்தக் கடைதான்.

சோல்வெய்க் கதவருகிலேயே நின்றாள். கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தாள்.

“பள்ளிக்கூடத்து வாசல்ல லாரிங்க மெதுவாப் போகணும்னு ஒரு சட்டம். அதானே? எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சும்மா.”

“சபைல பேசினீங்களா?”

“இந்தத் தடவை கொண்டு வரல. வந்திருந்தா லாரி முதலாளிங்களுக்காக நாலு பேரு எழுந்து நின்னு நாள் கணக்கா இழுத்திருப்பானுங்க. சட்டப்படி நமக்கு இருக்கறதே எண்பது நாள். அதையும் எழுபத்தாறுலயே முடிச்சுட்டோம் தெரியுமா? நாலு நாள் மிச்சம்.”

சொல்லும்போதே மனிதருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாட்களை மிச்சம் பிடித்தால் ஊரே மெச்சும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

“ஆத்துக்கு அந்தப் பக்கம், மின்னசோட்டாவுல வருஷா வருஷம் கூடுறாங்க.” அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

“அவனுங்களுக்கு வேற வேலை இல்ல, பேசிக்கிட்டே இருப்பானுங்க. நாம அப்படியா? ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா உக்காருவோம், சட்டுனு முடிச்சுட்டு விதைப்புக்கு வீடு வந்து சேருவோம்.”

“அப்ப அடுத்த கூட்டம் எப்போ?”

“வர்ற ஜனவரி இல்ல, அதுக்கடுத்த ஜனவரி. முதல் மசோதா உன்னுதுதான், சத்தியமா. அதுக்குள்ள உன் பொண்ணு லின்னெயா மூணாங்கிளாஸ் போயிருப்பா, இல்ல?”

அவள் பார்வை கருவாலிப் பலகை மேல் போய் நின்றது. ஆர்வித்துக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. பிளாஸ்க்கைத் திறந்து கோப்பையில் காப்பி ஊற்றி நீட்டினார்.

“கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல.” கோப்பையை அவள் வாங்கவில்லை. “நான் இன்னிக்கு மனுவோட வரல.”

“பின்ன?”

“மூணே முக்கால் அடி. போன வாரம்தான் கதவு நிலையில கோடு போட்டு அளந்தேன்.” சோல்வெய்க் தன் இரண்டு கைகளையும் விரித்து நீளம் காட்டினாள். “காலைல அந்த லாரி நிக்கவே இல்ல.”

ஆர்வித் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அளவு நாடாவைத் தேடினார்.

அந்த ஊரில் சவப்பெட்டி செய்யும் கடை அவருடையது ஒன்றுதான்.