தலைக்கு ஆயிரத்து இருநூறு

ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். கோதண்டம் அவளுக்குத் தர வேண்டியது.

மூன்று நாள் கூலி.

அதை வாங்கத்தான் காலையிலிருந்து ரிசார்ட் கேட்டில் நிற்கிறாள். நேற்றும் நின்றாள். வீட்டில் சிலிண்டர் தீர்ந்து கிடக்கிறது. பணம் வந்தால்தான் அடுத்தது.

கடற்கரையைச் சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட் கோதண்டத்தினுடையது. கரையில் ஒதுங்கிய சொறி மீன்களைப் பொறுக்கியது அவள். கண்ணாடிபோல் கொழகொழவென்று கிடக்கும். செத்த பிறகும் தொட்டால் சுடும். கையுறை வாங்கித் தருகிறேன் என்றான்.

அதுவும் பாக்கி.

வலது கை மணிக்கட்டுவரை வீங்கிச் சிவந்திருக்கிறது.

உள்ளே தமிழ்ப் பேராசிரியர்கள் மாநாடு. கழுத்தில் அட்டை தொங்க வருகிறார்கள், போகிறார்கள். அவளைத் தாண்டித்தான் போகிறார்கள்.

கோதண்டம் ஒருமுறை வந்தான்.

"இன்னிக்கும் நெறைய ஒதுங்கிக் கெடக்குது. நாலு மணிக்குக் குளிக்க எறங்குறாங்க. மொதல்ல அத வாரிப் போடு. காசு எங்க ஓடிடப் போவுது?"

பதிலுக்கு நிற்கவில்லை. போய்விட்டான்.

காசு எங்கேயும் ஓடவில்லைதான். அவன் சட்டைப் பையில் சுகமாகப் படுத்திருக்கிறது.

கேட்டை ஒட்டிய பலகையில் ஒரு தாள். மாநாட்டுக்கு வருவோர் கவனத்திற்கு.

அவள் எழுத்துக் கற்றது தலை நரைக்கத் தொடங்கிய பிறகு. உப்பளத்து வேலை முடிந்து, தூக்கம் சொக்கச் சொக்க, ராத்திரி வகுப்பில். இன்னும் ஒவ்வொரு எழுத்தாகத்தான் கூட்டுவாள்.

நிற்க வைத்திருக்கிறான். நேரம் இருக்கிறது. கூட்டினாள்.

அறைச் சாவியை வரவேற்பில் ஒப்படைக்கவும்.

நாய்களுக்கு உணவிட வேண்டாம்.

கரை தினமும் சுத்தம் செய்யப்படுகிறது. சொறி மீன் இல்லை. அச்சமின்றிக் குளிக்கலாம்.

இந்த இடத்தில் விரலை வைத்துத் திரும்பவும் படித்தாள். யார் சுத்தம் செய்தது என்று போடவில்லை.

ஊழியர்களுக்கு டிப்ஸ் தருவது அவரவர் விருப்பம்.

விருந்தினர் மதியச் சாப்பாடு தலைக்கு ரூ. 1,200. அழைத்தவர் கணக்கில் எழுதப்படும்.

இங்கே நிறுத்தினாள். விட்டுவிட்டு, மறுபடி முதல் எழுத்திலிருந்து வந்தாள்.

முந்தானையை உதறிச் செருகினாள். உள்ளே நடந்தாள்.

வாட்ச்மேன் தடுக்கவில்லை. கரைக்கு வேலைக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பான்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மேசை போட்டு ஒரு பெண் ரசீது எழுதிக்கொண்டிருந்தாள்.

"விருந்தாளி."

"யாரோட விருந்தாளி?"

"கோதண்டம். கரை காண்ட்ராக்ட்."

அந்தப் பெண் அவள் காலைப் பார்த்தாள். மணலாக இருந்தது. காலைப் பற்றித் தாளில் ஒன்றும் இல்லை.

எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.

சோறு. வஞ்சிரக் குழம்பு. வறுத்த இறால். அப்பளம். பெயர் தெரியாத ஒன்று, வெள்ளையாக, இனிப்பாக. எல்லாவற்றையும் போட்டுக்கொண்டாள்.

ருசி நன்றாகவே இருந்தது. அதுதான் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

குழம்பின் காரம் கைப்புண்ணில் ஏறியது. கையை எடுக்கவில்லை. பிசைந்தாள்.

எதிர் நாற்காலியில் ஒரு பேராசிரியை.

"நீங்க எந்தக் காலேஜ்ம்மா?"

"காலேஜ் இல்ல. கரை."

"கை ஏன் இப்படி வீங்கியிருக்கு?"

"சொறி மீனு."

"இங்க இல்லன்னு போட்டிருக்காங்களே."

"நான் பொறுக்குன வரைக்கும் இல்ல. இன்னிக்குப் பொறுக்கல."

பேராசிரியை பக்கத்து மேசைக்குச் சொன்னாள். அது அடுத்த மேசைக்குப் போனது.

அவள் அப்பளத்தை நொறுக்கினாள்.

கோதண்டம் வந்துவிட்டான். யாரோ சொல்லியிருக்க வேண்டும். கூடம் நிறைய ஆட்கள் என்பதால் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி அவள் காதருகே குனிந்தான்.

"ஏந்திரிடி. யாரக் கேட்டு உக்காந்த?"

"வாசல்ல எழுதி ஒட்டியிருக்குது. போயிப் படி."

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "ஏம்ப்பா, சாயந்தரம் குளிக்கலாமா, வேணாமா?"

சிரிப்பு அவன் முகத்திலேயே காய்ந்தது.

சட்டைப் பைக்குள் கைவிட்டான். நோட்டுகளை எண்ணி அவள் தட்டருகே வைத்தான்.

"இந்தா. முழுசா ஆயிரத்து முந்நூத்தம்பது. சாப்பாடும் என் கணக்குலயே போவட்டும். இப்பவே போயி வாரிடு. நாலு மணிக்குள்ள. தாயே."

அவள் நோட்டுகளைப் பார்த்தாள். ஒரு சிலிண்டர் அங்கே கிடந்தது. அதற்கு மேலேயும் கொஞ்சம்.

பிறகு தன் கையைப் பார்த்தாள்.

தட்டில் மிச்சமிருந்த சோற்றை வழித்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். நிற்கட்டும்.

விழுங்கினாள்.

"ஆயிரத்து எரநூறு தின்னாச்சு. பாக்கி நூத்தம்பதுதான்."

நோட்டுகளை இடது கையால் அவன் பக்கம் தள்ளினாள்.

"அத நீ டிப்ஸா வச்சுக்க."

வெளியே வெயில். கரை நெடுகக் கண்ணாடிகண்ணாடியாக மின்னியது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

ரிசார்ட் சுவரைத் தாண்டிச் சவுக்குத் தோப்பு. குனிந்து, ராத்திரி அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கினாள்.

இடது கையால்.