ஏழு மில்லிமீட்டர் தப்பு

"இந்த ஓரத்துல ஏழு மில்லிமீட்டர் சந்து விடுது. பிரிச்சுடு" என்றார் பக்கத்து வீட்டுத் தைஸ்தோ.

ஆர்வோவுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் காரின் முன்பக்கக் கம்பி வலையை அட்டையால் மூடி, அடியில் பிளாஸ்டிக் தகடு மாட்டி, சக்கரங்களுக்குத் தட்டையான மூடி செய்திருந்தார். எல்லாம் சொந்தக் கைவேலை. எஞ்சின் சீக்கிரம் சூடேறும், எதிர்க்காற்று வண்டியைப் பிடித்து இழுக்காது, பெட்ரோலும் மிச்சமாகும்.

"போன வாரம் அடித்தகடு தொங்குதுன்னே. அதுக்கு முந்தின வாரம் சக்கர மூடி கோணல்னே."

"தொங்குச்சு, சொன்னேன்."

"நீ என்ன பெரிய விமானம் கட்டினவனா?"

"கட்டினவன் வந்து சொன்னா மட்டும் கேட்டுடுவியா? பிரிடா."

மைனஸ் இருபது குளிரில் ஒரு மணி நேரம் இரண்டு கிழவர்களும் சண்டை போட்டார்கள். கடைசியில் அட்டை பிரிந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த தைஸ்தோவின் மனைவி ஹில்காவுக்கு மனசு ஆறவில்லை. இலையுதிர் காலத்தில்தான் ஆர்வோ மனைவியை அடக்கம் செய்திருந்தார். பிள்ளைகள் இல்லை. இவள் ஏலக்காய் பன் சுட்டு எடுத்துப் போனால், "நன்றி" என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். அந்த மனுஷனைப் போய் இப்படி நோகடிக்க வேண்டுமா?

குளிர்காலமாதலால் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. ஆர்வோ இன்னும் வெளியில் நின்று அட்டையை அளந்துகொண்டிருந்தார். யாருமில்லாத வீட்டுக்குள் போக அவருக்குப் பிடிக்கவில்லை.

தைஸ்தோ வீட்டுக்குள் வந்ததும் ஹில்கா பிடித்துக்கொண்டாள்.

"பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா?"

"நல்லாத்தான் இருக்கு. நம்ம வண்டிக்கும் அவனையே செய்யச் சொல்லணும்."

"அப்போ அந்த ஏழு மில்லிமீட்டர்?"

"ஏது? ஒரு தாள்கூட நுழையாது."

ஹில்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்புறம் எதுக்குங்க அவரைப் போட்டுப் படுத்தறீங்க?"

தைஸ்தோ பனி அப்பிய பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"சும்மா பார்க்க வந்தேன்னு நின்னா நம்ம ஊர்ல எவன் உள்ளே விடுவான்? வேலை முடிஞ்சுடுச்சுன்னு நான் சொல்லிட்டா, அடுத்த ஞாயித்துக்கிழமை அவன்கூட யாரு பேசுவா, சொல்லு?"