இரண்டாம் தட்டு

இந்துமதியின் மேஜையில் எப்போதும் இரண்டு கண்ணாடித் தட்டுகள் இருக்கும். இரண்டிலும் எலியின் மூளைச் செல்கள். முதல் தட்டில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை விடுவாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ‘கன்ட்ரோல்’ தட்டான இரண்டாவதில் வெறும் கரைசல் மட்டும். சில நிமிடங்கள் கழித்து இரண்டிலும் குளூட்டமேட்டைச் சேர்த்ததும் செல்கள் ஓய்வில்லாமல் தூண்டப்படும். ஹார்மோன் கிடைத்தவை தாக்குப்பிடிக்கும். கிடைக்காதவை துடித்துத் துடித்தே சாகும். அவை செத்தால்தான் பரிசோதனை செல்லுபடியாகும்.

போன வருஷம் அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. அதிலிருந்து பக்கத்து வீட்டு மிக்ஸி, பஸ் ஹாரன் எல்லாமே மண்டைக்குள் இறங்குகின்றன. சொல்லிக்கொள்ள வீட்டில் ஆளில்லை.

அன்று மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்த இளைய ஆய்வாளர் சபீனா நிமிர்ந்தாள்.

"மேடம், ரெண்டு தட்டுலயும் உயிரோடதான் இருக்கு. கன்ட்ரோலுக்கும் ஹார்மோன் விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன் போல."

"நீங்களா? அப்ப இது எதுக்கும் ஆகாது மேடம். ப்ளீச் ஊத்திக் கொன்னுடறேன்."

"நீ கெளம்பு. நான் பாத்துக்கறேன்."

சபீனா போனதும் இந்துமதி ப்ளீச் பாட்டிலைத் திறந்தாள். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமென்று இரண்டாம் தட்டை லென்ஸுக்கு அடியில் வைத்தாள். செல்கள் மெல்லிய கைகளை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. வெளியே வராந்தாவில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவளுக்குப் பல் கூசியது.

பாட்டிலை மூடினாள். தட்டை இன்குபேட்டருக்குள் திரும்ப வைத்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.